மே கம்பமும் ஞாயிற்றுக்கிழமையும்: பியூரிட்டன்கள் எதை எதிர்த்தார்கள்?

பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், திருச்சபையை இன்னும் சீர்திருத்தக் கோரிய புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களான பியூரிட்டன்கள், மே மாதத்தில் ஊரார் நட்டு அதைச் சுற்றி ஆடிய மே கம்பத்தையும் ஊர் நடனத்தையும் நாடகத்தையும், கடைசியில் கிறிஸ்துமஸையும்கூட ஏன் எதிர்த்தார்கள், மனிதர் மகிழ்ந்திருப்பதையே பொறுக்காதவர்களா அவர்கள் என்பது கேள்வி. இதற்கு மிக எளிதாகக் கிடைக்கும் பதில் வரலாற்றாசிரியர் மெக்காலே எழுதிச் சென்றது. கரடியைக் கட்டிப்போட்டு நாய்களை ஏவிவிடும் ஆட்டத்தைப் பியூரிட்டன்கள் வெறுத்தது கரடிக்கு வலிக்கிறது என்பதற்காக அல்ல, பார்ப்பவர்களுக்கு அது இன்பம் தருகிறது என்பதற்காகவே என்று அவர் சொன்னார். கூர்மையான வாக்கியம்தான், ஆனால் அதை நம்பிக்கொண்டு அந்தக் காலத்துக்குள் நுழைந்தால் எதுவும் பிடிபடாது. அந்தச் சண்டையின் நடுவில் இருந்தது ஞாயிற்றுக்கிழமை. ஆறு நாள் உழைக்கும் மக்களுக்குக் கிடைத்த அந்த ஒரு நாள் யாருடையது, கடவுளுடையதா, ஊராருடையதா, அரசருடையதா என்பதே ஏறக்குறைய நூறு ஆண்டுகள் நீண்ட வழக்கு. மற்ற காரணங்களும் இருந்தன, அவற்றையும் சொல்கிறேன். ஆனால் இந்த ஒன்றை முதலில் பிடித்துக்கொண்டால்தான் மற்றவை தத்தம் இடத்தில் வந்து அமரும்.

கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து புராட்டஸ்டன்ட் சமயம் பிரிந்த சீர்திருத்தத்துக்கு முந்தைய இங்கிலாந்தில் ஓய்வு நாட்களுக்குக் குறைவில்லை. புனிதர்களின் திருநாட்கள் ஆண்டு முழுவதும் பரவிக் கிடந்தன. 1536இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சி, அறுவடைக் காலத்தில் வரும் திருநாட்களில் பெரும்பாலானவற்றை ரத்து செய்தது. ஒவ்வொரு ஊரும் தன் தேவாலயத்துக்கென்று வெவ்வேறு நாளில் கொண்டாடிவந்த நேர்ந்தளிப்புத் திருவிழாக்களை எல்லாம் அக்டோபர் மாதத்தின் முதல் ஞாயிறுக்கு நகர்த்தியது. வேலை கெடுகிறது, சோம்பல் வளர்கிறது என்பது அரசு சொன்ன காரணம். ஆறாம் எட்வர்டின் காலத்தில் நாட்காட்டி இன்னும் சுருங்கியது. நாட்கள் போனாலும் விளையாட்டுகள் போகவில்லை. அவை ஞாயிற்றுக்கிழமைக்கு இடம் பெயர்ந்தன. அதே ஞாயிற்றுக்கிழமையைத்தான் புதிய சமயப் பிரசங்கிகள் பத்துக் கட்டளைகளில் நான்காவதன் வெளிச்சத்தில் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். “ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரிக்க நினைப்பாயாக” என்ற கட்டளை யூதர்களின் சனிக்கிழமையோடு முடிந்துபோகவில்லை, கிறிஸ்தவர்களின் ஞாயிற்றுக்கிழமைக்கும் முழுமையாகப் பொருந்தும், காலை ஆராதனையோடு கடமை முடிவதில்லை, விழித்திருக்கும் நேரம் முழுவதும் கடவுளுக்கே என்ற கோட்பாடு வலுப்பெற்றது. சஃபோக் பகுதியைச் சேர்ந்த நிக்கோலஸ் பவுண்ட் என்ற குரு 1595இல் இதை ஒரு முழு நூலாகவே எழுதி வெளியிட்டார். ஆக, திருநாட்களைக் குறைத்த சீர்திருத்தமே விளையாட்டுகளை ஞாயிறுக்குத் தள்ளியது. அதே சீர்திருத்தத்தின் பிள்ளைகளே ஞாயிறு விளையாட்டுகளைக் கண்டு அஞ்சினார்கள்.

இந்த அச்சத்துக்கு ஒரு நேரடி அனுபவமும் உண்டு. முன்பு வொர்செஸ்டரின் பிஷப்பாக இருந்த ஹியூ லாட்டிமர் 1549இல் சிறுவன் அரசர் எட்வர்டின் முன் பிரசங்கம் செய்தபோது ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். பயண வழியில் ஓர் ஊரில் பிரசங்கம் செய்வதாக முன்கூட்டியே சொல்லி அனுப்பிவிட்டு அவர் போய்ச் சேர்ந்தபோது தேவாலயம் பூட்டிக் கிடந்தது. அரைமணி நேரத்துக்கு மேல் காத்திருந்த பிறகு சாவி கிடைத்தது. ஊரார் ஒருவர் வந்து, இன்று ராபின் ஹூட் நாள், ஊரே அவனுக்காகப் பணம் திரட்டப் போயிருக்கிறது, உங்கள் பிரசங்கத்தைக் கேட்க எங்களுக்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டார். பிஷப் உடையில் வந்த தாம் ராபின் ஹூட்டின் ஆட்களுக்கு வழிவிட வேண்டியதாயிற்று என்று லாட்டிமர் வேதனையோடு சொன்னார். சிரிக்க வேண்டிய செய்தி அல்ல, அழ வேண்டிய செய்தி என்றே அதை அவர் அரசவைக்கு எடுத்துரைத்தார். வேதாகமம் மக்களின் மொழியில் வந்து அதிக காலம் ஆகவில்லை. அதைக் கேட்க மக்கள் வரவேண்டிய நேரத்தில் வேறொன்று அவர்களை இழுத்துச் செல்கிறது என்பதே அவருடைய ஆற்றாமை.

ஆனால் அந்த ஊராரும் வெறும் பொழுதுபோக்குக்காகப் போனவர்கள் அல்லர். இங்கேதான் பெரும்பாலான விளக்கங்கள் தடம் தவறுகின்றன. நாட்டுக்கதைகளில் வரும் கொள்ளைக்காரன் ராபின் ஹூட்டாக வேடம் போட்டு ஊர் ஊராகச் சென்று திரட்டிய பணம் தேவாலயக் கணக்கில் சேர்ந்தது. தேம்ஸ் கரையில் உள்ள கிங்ஸ்டன் ஊரின் தேவாலயக் கணக்கேடுகளில் ராபின் ஹூட் ஆட்டத்தின் வரவும் செலவும் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டுதோறும் எழுதப்பட்டிருக்கின்றன. இதைவிடப் பெரிய வருமானம் ‘சர்ச் ஏல்’ எனப்பட்ட ஊர் விருந்து. தேவாலயப் பொறுப்பாளர்கள் மால்ட் வாங்கியோ நன்கொடையாகப் பெற்றோ ஏல் என்னும் பார்லி மதுவைக் காய்ச்சுவார்கள். பெந்தெகொஸ்தே பண்டிகையை ஒட்டித் தேவாலயத்துக்குப் பக்கத்திலுள்ள பொது வீட்டில் அதை விற்பார்கள். பக்கத்து ஊர்க்காரர்களும் வந்து குடித்து, உண்டு, ஆடி, காசு கொடுத்துவிட்டுப் போவார்கள். அடுத்த மாதம் அவர்களின் ஊர் விருந்துக்கு இவர்கள் போவார்கள். கூரை வேய்வதும், மணி வார்ப்பதும், ஏழைக்கு உதவுவதும் இந்தப் பணத்தில் நடந்தன. இன்றைக்கும் டெவன், சாமர்செட் மாவட்டங்களில் அந்தப் பொது வீடுகள் சில நிற்கின்றன. ஒரு பியூரிட்டன் குரு இந்த விருந்தை நிறுத்தச் சொன்னால், அவர் ஒரு குடிக்கூத்தை மட்டும் நிறுத்தச் சொல்லவில்லை. ஊரின் பொதுக் கஜானாவையும் பக்கத்து ஊர்களோடு இருந்த கொடுக்கல் வாங்கலையும் நிறுத்தச் சொன்னார். எதிர்த்தவர்களின் கோபம் அவ்வளவு கடுமையாக இருந்ததற்கு இதுவே காரணம்.

பியூரிட்டன்கள் விருந்தைக் கைவிடச் சொன்னபோது பதிலுக்கு ஒன்றையும் முன்வைத்தார்கள்: நிலமும் சொத்தும் உள்ளவர்களிடம் அளவிட்டு வரி வசூலிப்பது. 1598, 1601ஆம் ஆண்டுகளின் வறியோர் சட்டங்கள் இந்த வரிமுறையை நாடெங்கும் உறுதிப்படுத்தின. விருந்து மகிழ்ச்சியானது, வரி கசப்பானது என்பது உண்மை. ஆனால் குடித்துத்தான் தேவாலயத்துக்குக் கூரை போட வேண்டுமா என்று கேட்டவர்களின் குரலிலும் நேர்மை இருந்தது என்றே நான் நினைக்கிறேன். பிலிப் ஸ்டப்ஸ் என்ற எழுத்தாளர் 1583இல் எழுதிய கண்டனத்தில், அதிகமாகக் குடித்துச் செலவழிப்பவனே அதிகப் பக்திமான் என்று கருதப்படுகிறான் என்று இந்த விருந்துகளைச் சாடுகிறார். அவருடைய மிகைச்சொற்களுக்கு அடியில் உள்ள கேள்வி நியாயமானது.

ஸ்டப்ஸைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும், ஏனெனில் பியூரிட்டன்களைக் கேலி செய்பவர்கள் எல்லோரும் அவரையே மேற்கோள் காட்டுவார்கள். மே மாதத்துக்கு முந்தைய இரவில் இளைஞரும் இளம்பெண்களும் காட்டுக்குப் போய்க் கிளைகளையும் பூக்களையும் கொண்டுவருவது வழக்கம். அவர்கள் இருபது நாற்பது ஜோடி எருதுகளைப் பூட்டி, கொம்புகளில் பூச்செண்டு கட்டி, மே கம்பத்தை இழுத்துவந்து நட்டு, அதைச் சுற்றி ஆடுவார்கள் என்று அவர் விவரிக்கிறார். அந்தக் கம்பத்தை நாற்றமெடுக்கும் விக்கிரகம் என்கிறார். காட்டுக்குப் போன பெண்களில் மூன்றில் ஒரு பங்கினர்கூடக் கற்போடு திரும்புவதில்லை என்றும் எழுதுகிறார். பங்குப் பதிவேடுகளில் ஞானஸ்நான நாட்களைக் கணக்கிட்டுப் பார்த்த வரலாற்றாய்வாளர்கள் மே தினத்தை ஒட்டிக் கருத்தரிப்புகள் தனியாக உயர்ந்ததற்கு எந்தச் சான்றும் காணவில்லை. ஆக, அந்தப் புள்ளிவிவரம் அச்சத்தின் கணக்கு. ஆயினும் அவருடைய நூலின் முதல் பதிப்பில் ஒரு முன்னுரை இருந்தது. நாடகமோ நடனமோ தன்னளவில் தீயது என்று தான் சொல்லவில்லை, அவற்றின் கெட்ட பயன்பாட்டையே கண்டிக்கிறேன் என்று அதில் அவர் எழுதியிருந்தார். பிந்தைய பதிப்புகளில் அந்த முன்னுரை காணாமல் போயிற்று. நிதானமாகத் தொடங்கிய ஒரு வாதம் எப்படி இறுகிப்போனது என்பதை இந்த ஒரு நீக்கமே காட்டிவிடுகிறது.

மே கம்பத்தை விக்கிரகம் என்று அழைத்தது ஸ்டப்ஸின் கண்டுபிடிப்பு அல்ல. லண்டனில் கார்ன்ஹில் தெருவில் இருந்த ஒரு பெரிய கம்பம் தேவாலயக் கோபுரத்தைவிட உயரமானதாக இருந்ததால் அந்தத் தேவாலயத்துக்கே ‘கம்பத்தடிப் புனித ஆண்ட்ரூ’ என்ற பொருளில் பெயர் வந்தது. 1517ஆம் ஆண்டு மே தினத்தில் வெளிநாட்டுக் கைவினைஞர்களுக்கு எதிராகப் பெருங்கலவரம் நடந்ததிலிருந்து அந்தக் கம்பம் நடப்படவில்லை; வீடுகளின் ஓரமாகக் கொக்கிகளில் படுக்கையாகத் தொங்கிக் கிடந்தது. 1549இல் பக்கத்துத் தேவாலயத்தின் உதவிக் குரு ஒருவர் புனித பவுல் பேராலய வளாகத்தில் இருந்த ‘பவுல் சிலுவை’ என்னும் திறந்தவெளிப் பிரசங்க மேடையில் நின்று, தேவாலயத்துக்கே தன் பெயரைக் கொடுத்த அந்தக் கம்பம் ஒரு விக்கிரகம் என்று பிரசங்கித்தார். அன்று மதியமே அக்கம்பக்கத்தார் கம்பத்தை இறக்கி, துண்டு துண்டாக அறுத்து, தம் வாசலுக்கு நேராகக் கிடந்த பகுதியை ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்டு எரித்தார்கள். அந்தப் பிரசங்கத்தைத் தம் காதால் கேட்ட லண்டன் வரலாற்றாசிரியர் ஜான் ஸ்டோ பல பத்தாண்டுகளுக்குப் பிறகு வருத்தத்தோடு இதைப் பதிவு செய்தார். மேலிருந்து எந்த ஆணையும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அறுத்தவர்கள் அந்தத் தெருக்காரர்களே.

இந்தக் கவனிப்பு முக்கியமானது. ஆடுபவர்கள் ஒரு பக்கம், வெளியிலிருந்து வந்த சமயவாதிகள் மறுபக்கம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் அதே ஊரின் துணி வியாபாரிகள், சொந்த நிலம் வைத்திருந்த உழவர்கள், ஊர்க் காவல் பொறுப்பில் இருந்தவர்கள். சாமர்செட்டின் வெல்ஸ் நகரில் 1607இல் நடந்தது நல்ல எடுத்துக்காட்டு. புனித கத்பர்ட் தேவாலயத்தின் செலவுக்காக அங்கே மே, ஜூன் மாதங்களில் ஊர் விருந்தும் ஊர்வலங்களும் நடந்தன. துணி வியாபாரியும் காவல் பொறுப்பாளருமான ஜான் ஹோல் என்பவர் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களை நிறுத்த முயன்றார். மக்கள் அடுத்த ஊர்வலங்களில் அவரையும் அவருடைய நண்பர்களையும் வேடமிட்டுக் கேலி செய்தார்கள். ஆங்கிலத்தில் ‘துளை’ என்று பொருள்படும் அவருடைய பெயரையே ஒரு துளை விளையாட்டாக்கி, அவர் ஒழுக்கத்தையும் சந்திக்கு இழுத்துப் பாட்டுக் கட்டினார்கள். அவர் லண்டனில் ஸ்டார் சேம்பர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கின் ஆவணங்கள் பிழைத்திருப்பதால்தான் ஒரு ஆங்கில நகரத்தின் கோடைக்காலக் கொண்டாட்டம் எப்படி இருந்தது என்பதை நாம் இவ்வளவு நுணுக்கமாக அறிகிறோம்.

இத்தகைய நடுத்தர மனிதர்களை எதிர்ப்பின் பக்கம் தள்ளியதில் கடவுள் பயத்தோடு காசுக் கணக்கும் சேர்ந்தே இருந்தது. 1576ஆம் ஆண்டின் ஒரு சட்டம், திருமணத்துக்கு வெளியே பிறக்கும் குழந்தை ஊரின் செலவில் வளர நேர்ந்தால் பெற்றோரைக் கண்டுபிடித்துப் பொறுப்பேற்க வைக்கும்படி ஊர் அமைதியைக் காக்கும் பொறுப்பிலிருந்த உள்ளூர் நீதிபதிகளிடம் ஒப்படைத்தது. 1590களில் விளைச்சல் பொய்த்து உணவுப் பஞ்சம் வந்தது. வறியோர் வரியைக் கட்டியவர்களும் அதை ஊரில் வசூலித்தவர்களும் இவர்களே. இரவெல்லாம் நீளும் நடனத்தில் இவர்கள் பாவத்தைக் கண்டதோடு அடுத்த ஆண்டின் செலவையும் கண்டார்கள். இதைச் சொல்வதால் அவர்களுடைய பக்தி போலியாகிவிடாது. ஒரே மனிதர் தன் ஆத்துமாவுக்காகவும் தன் பணப்பைக்காகவும் ஒரே வேளையில் கவலைப்பட முடியும்.

ஆபத்துகளைக் கடவுளின் தீர்ப்பாக வாசிக்கும் பழக்கமும் இதற்கு வலு சேர்த்தது. 1583 ஜனவரி 13, ஞாயிற்றுக்கிழமை, லண்டனின் பாரிஸ் கார்டன் கரடிக் களத்தில் பார்வையாளர் மேடை சரிந்து பலர் இறந்தார்கள். பிரசங்கிகள் அதை விட்டுவிடவில்லை. 1613இல் டார்செஸ்டர் நகரம் தீக்கிரையானபோது, அங்கிருந்த ஜான் வைட் என்ற குரு அந்த நெருப்பை மனந்திரும்புதலுக்கான அழைப்பாக எடுத்துக்கொண்டார். அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த ஊர் ஏழைப் பிள்ளைகளுக்கு வேலைப் பயிற்சி கொடுக்கும் இல்லத்தையும், தாராளமான நன்கொடைகளையும் கொண்ட ஒரு பியூரிட்டன் நகரமாக மாறியது. ஆட்டத்தை நிறுத்திய அதே கைகள் ஏழைகளுக்கு அள்ளிக் கொடுத்தன என்பதை மெக்காலேயின் வாக்கியம் மறைத்துவிடுகிறது.

எலிசபெத் அரசிக்கு இந்தப் போக்கு பிடிக்கவில்லை. கரடி ஆட்டத்தையும் நாடகத்தையும் அவர் விரும்பினார். 1585இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஓய்வுநாள் மசோதாவுக்கு ஒப்புதல் தர மறுத்தார். ஆனால் உள்ளூர் அளவில் பிஷப்புகளும் நீதிபதிகளும் நகராட்சிகளும் தாமே தடைகளை விதித்தார்கள். யார்க் பேராயர் கிரிண்டல் 1571இல் மாரிஸ் என்னும் நாட்டுப்புற நடனத்தை ஆடுபவர்களும் கோமாளி அரசர்களும் ஆராதனை வேளையில் தேவாலயத்துக்குள் வரக் கூடாது என்று ஆணையிட்டார். யார்க்கின் பழைய வேதாகம நாடகங்கள் 1569இலும் செஸ்டரின் நாடகங்கள் 1575இலும் கடைசியாக நடந்தன. அவற்றை நடத்த அனுமதித்த செஸ்டர் மேயர் அரசவைக்குப் பதில் சொல்ல நேர்ந்தது. இங்கே பியூரிட்டன்களைவிட, கத்தோலிக்க எச்சங்களை அஞ்சிய அரசின் அலுவலர்களே முன்னின்றார்கள். ஸ்காட்லாந்தில் இன்னும் வியப்பானது நடந்தது: ராபின் ஹூட், மே ராணி ஆட்டங்களை 1555இல் தடை செய்த நாடாளுமன்றம் சீர்திருத்தத்துக்கு முந்தைய கத்தோலிக்க நாடாளுமன்றம். ஊர்க் கொண்டாட்டங்களின் மீதான அச்சம் ஒரே சமயப் பிரிவின் சொத்தாக இருந்ததில்லை.

இத்தனை நாள் ஊர்களுக்குள் நடந்த இந்த இழுபறியை நாட்டின் அரசியலாக்கியது அரசரின் தலையீடு. என் கணிப்பில் முழு வரலாற்றின் திருப்பமும் இதுவே. 1617இல் ஸ்காட்லாந்திலிருந்து திரும்பிவந்த முதலாம் ஜேம்ஸ் லங்காஷயர் வழியாகப் பயணம் செய்தார். அங்கே கத்தோலிக்கர் அதிகம். அவர்களை அடக்க நினைத்த பியூரிட்டன் நீதிபதிகள் ஞாயிறு விளையாட்டுகளையும் நிறுத்தியிருந்தார்கள். ஹாக்டன் கோபுர மாளிகையில் மக்கள் அரசரிடம் முறையிட்டார்கள். ஜேம்ஸ் முதலில் லங்காஷயருக்கு மட்டும் ஓர் அறிவிப்பைத் தந்தார். 1618இல் அதை நாடு முழுவதற்கும் விரித்தார். ‘விளையாட்டுகளின் புத்தகம்’ என்று பின்னர் பெயர் பெற்ற அது சொன்னது இதுதான்: ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு ஆணும் பெண்ணும் நடனமாடலாம், அம்பு எய்யலாம், தாவிக் குதித்து விளையாடலாம், மே விளையாட்டு, பெந்தெகொஸ்தே விருந்து, மாரிஸ் நடனம், மே கம்பம் எல்லாம் நடத்தலாம், பெண்கள் பழைய வழக்கப்படி தேவாலயத்தை அலங்கரிக்க நாணற்புல் கொண்டுவரலாம். கரடி, காளை ஆட்டங்களும் நாடகங்களும் ஞாயிறில் கூடாது. தேவாலயத்துக்கு வராதவர்களுக்கு இந்த உரிமை எதுவும் இல்லை.

அதில் சொல்லப்பட்ட காரணங்களைப் படிக்கும்போது ஜேம்ஸின் அறிவு வெளிப்படுகிறது. சமயத்தில் நேர்மையான மகிழ்ச்சிக்கு இடமில்லை என்று எண்ணிக் கத்தோலிக்கர் மனம் மாறத் தயங்குவார்கள்; பயிற்சி இல்லாத உடல்கள் போருக்கு உதவாது; ஆட இடமில்லாதவன் மதுக்கடைக்குப் போய் அரசுக்கு எதிராக முணுமுணுப்பான்; வாரமெல்லாம் உழைக்கும் எளிய மக்கள் ஞாயிறிலும் திருநாளிலும் விளையாடாவிட்டால் வேறு எப்போது விளையாடுவார்கள்? கடைசிக் கேள்விக்குப் பியூரிட்டன்களிடம் அப்போது தக்க பதில் இல்லை. அதற்கு அவர்கள் பதில் கண்டுபிடிக்க ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின. தேவாலயங்களில் அறிவிப்பை வாசிக்கச் சொல்லிக் குருக்களைக் கட்டாயப்படுத்துவதை ஜேம்ஸ் தொடரவில்லை. 1625இல் அவருக்குப் பின் வந்த முதலாம் சார்லஸின் முதல் நாடாளுமன்றம், விளையாட்டுக்காக ஞாயிறில் வேற்று ஊருக்குப் போவதைத் தடை செய்யும் சட்டத்தையும் நிறைவேற்றியது. ஒரு சமரசம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அதைக் கெடுத்தது 1633. அதற்கு முந்தைய ஆண்டு சாமர்செட்டில் தலைமை நீதிபதி ரிச்சர்ட்சன் ஊர் விருந்துகளைத் தடை செய்து, அந்த ஆணையைக் குருக்கள் தேவாலயத்தில் வாசிக்க வேண்டும் என்றார். குருக்களுக்கு உத்தரவிட நீதிபதி யார் என்று பிஷப் வில்லியம் லாட் சினந்தார். ஆணையைத் திரும்பப் பெறும்படி அரசர் ரிச்சர்ட்சனை வற்புறுத்தினார். விசாரணையிலிருந்து வெளியே வந்த அவர், பிஷப் அங்கியின் மெல்லிய துணிக் கைகள் தம் கழுத்தை நெரித்துவிட்டதாகச் சொன்னார் என்று பதிவாகியிருக்கிறது. 1633 அக்டோபரில் சார்லஸ் தந்தையின் அறிவிப்பை மீண்டும் வெளியிட்டார். இம்முறை ஒவ்வொரு தேவாலயத்திலும் வாசித்தே ஆக வேண்டும். மறுத்த குருக்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஒரு குரு அறிவிப்பையும் அதை அடுத்துப் பத்துக் கட்டளைகளையும் வாசித்துவிட்டு, கடவுளின் கட்டளையையும் மனிதனின் கட்டளையையும் கேட்டீர்கள், விரும்பியதற்குக் கீழ்ப்படியுங்கள் என்றாராம். மனசாட்சியைத் தொந்தரவு செய்யாமல் இருந்திருக்கக்கூடிய ஒரு சலுகையை மனசாட்சிக்கு வைக்கும் சோதனையாக மாற்றியது சார்லஸின் பெரிய தவறு. ஆடாதவன் ஆட வேண்டியதில்லை. ஆனால் ஆடுவது சரி என்று பிரசங்க மேடையிலிருந்து வாசித்தாக வேண்டும் என்றால் அவன் என்ன செய்வான்? நாடகங்களைக் கண்டித்து ஆயிரம் பக்கத்துக்கு மேல் எழுதிய வழக்கறிஞர் வில்லியம் பிரின், அதில் அரசியை இழிவுபடுத்தியதாகக் கொள்ளப்பட்டு 1634இல் காதுகள் வெட்டப்பட்டதும் இந்தச் சூழலில்தான்.

இந்தக் காலத்தை ஒரு சிறுவனின் கண்ணால் பார்க்க வாய்ப்பிருக்கிறது. 1615இல் பிறந்து பின்னாளில் பியூரிட்டன் குருவான ரிச்சர்ட் பாக்ஸ்டர் ஷ்ராப்ஷயரின் ஈட்டன் கான்ஸ்டன்டைன் ஊரில் வளர்ந்தார். ஞாயிறுதோறும் ஆங்கிலத் திருச்சபையின் அதிகாரபூர்வ ஜெபப் புத்தகத்தின் சுருக்கமான வாசிப்பு முடிந்ததும் இருட்டும் வரை மக்கள் அவருடைய வீட்டுக்கு அருகே ஒரு பெரிய மரத்தடியிலும் மே கம்பத்தடியிலும் ஆடினார்கள். குழல் ஊதியவர் அவருடைய தந்தையின் குத்தகைக்காரரே. குழலும் சிறுபறையும் கேட்கும்போது வீட்டுக்குள் வேதாகமம் வாசிப்பது எவ்வளவு கடினம் என்று பாக்ஸ்டர் பின்னாளில் எழுதுகிறார். தமக்கும் அவர்களோடு போய்ச் சேர ஆசை இருந்தது, சில நாள் மனசாட்சியை மீறிப் போயும் இருக்கிறார். ஆனால் ஜெபப் புத்தகத்துக்கு எதிராக ஒரு சொல்லும் சொல்லாத தம் தந்தையை, வேதம் வாசிக்கிறார் என்பதற்காக மட்டும் பியூரிட்டன் என்று அவர்கள் இகழ்வதைக் கேட்டபோது அந்த ஆசை அற்றுப்போயிற்று. எத்தனை குடும்பங்களில் இப்படிக் கேலியே பிள்ளைகளை எதிர்ப்பின் பக்கம் தள்ளியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. பெட்ஃபர்டுக்கு அருகே எல்ஸ்டோவில் வளர்ந்த பியூரிட்டன் எழுத்தாளர் ஜான் பன்யனின் வாக்குமூலமும் இதே போன்றது. தேவாலய மணி அடிப்பதை அவர் அவ்வளவு நேசித்தார். அது வீண் பொழுதுபோக்கு என்று மனம் உறுத்தியதால் விட்டுவிட்டு, மற்றவர்கள் அடிப்பதைப் போய் நின்று பார்த்தார். பிறகு மணி தலையில் விழுந்துவிடுமோ, கோபுரமே சரிந்துவிடுமோ என்று அஞ்சி அதையும் விட்டார். நடனத்தை விட அவருக்கு ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது. இவர்கள் இன்பம் அறியாதவர்கள் அல்லர். அறிந்து, நேசித்து, வலியோடு துறந்தவர்கள்.

அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே உள்நாட்டுப் போர் தொடங்கியதும் நாடாளுமன்றம் 1642 செப்டம்பரில் நாடக அரங்குகளை மூடியது. 1643 மே மாதத்தில் விளையாட்டுகளின் புத்தகத்தைத் தூக்குப் போடுபவரின் கையால் எரிக்கச் செய்தது. 1644இல் மே கம்பங்கள் அனைத்தையும் இறக்கும்படி ஆணையிட்டது. அதே 1644 டிசம்பர் 25, மாதந்தோறும் கடைசிப் புதனில் கடைப்பிடிக்கப்பட்ட உபவாச நாளில் வந்து விழுந்தது. நாடாளுமன்றம் உபவாசத்தைத் தேர்ந்தது. 1645இன் வழிபாட்டு வழிகாட்டி ஞாயிறைத் தவிர வேறு புனித நாள் இல்லை என்றது. 1647 ஜூனில் கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பெந்தெகொஸ்தே ஆகியவை சட்டப்படி நீக்கப்பட்டன. குரோம்வெல் கிறிஸ்துமஸைத் தடை செய்தார் என்று பரவலாகச் சொல்வது தவறு. இந்த ஆணைகள் வந்தபோது அவர் நாட்டின் தலைவர் அல்லர், படைத்தளபதி. பின்னர் ஆட்சித் தலைவராக இருந்தபோது 1657இல் தம் மகள் பிரான்சிஸின் திருமணத்தை இசையோடும், ஆணும் பெண்ணும் கலந்தாடிய நடனத்தோடும் விடியும் வரை நடத்தினார். அவருடைய ஆட்சியில் சேவல் சண்டையும் குதிரைப் பந்தயமும் தடுக்கப்பட்டதற்கு, அரச ஆதரவாளர்கள் அத்தகைய கூட்டங்களில் சதி செய்வார்கள் என்ற பாதுகாப்புக் கவலையும் ஒரு முக்கியக் காரணம்.

1647இன் அதே ஆணைதான் ஜேம்ஸின் பழைய கேள்விக்குப் பதிலையும் தந்தது, அதைக் கவனிப்பவர்கள் குறைவு. லண்டன் தொழில் பழகுநர்கள் தங்கள் ஓய்வு நாட்கள் பறிபோனதாக மனுக் கொடுத்திருந்தார்கள். நாடாளுமன்றம் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமையை வேலைக்காரருக்கும் பழகுநருக்கும் மாணவருக்கும் விளையாட்டு நாளாக ஒதுக்கியது. மகிழ்ச்சியையே வெறுப்பவர்கள் மாதத்துக்கொரு விளையாட்டு நாளைச் சட்டமாக்க மாட்டார்கள். ஞாயிறு காலியாக இருக்க வேண்டும், ஆட்டத்துக்கு வேறு நாள் உண்டு என்பதே அவர்கள் நிலை. ஆனால் அந்தச் செவ்வாய் வேர்விடவில்லை. அதற்கென்று ஒரு பாட்டோ, பலகாரமோ, பாட்டி சொன்ன கதையோ இல்லை. திருநாளை ஆணையால் நீக்கியவர்கள் அதன் இடத்தில் இன்னொன்றை ஆணையால் வைக்க முடியும் என்று நம்பினார்கள்.

அந்த ஆண்டு டிசம்பர் 25 அன்று கேன்டர்பரியின் மேயர் வழக்கம்போலச் சந்தை நடக்க வேண்டும் என்று அறிவித்தார். கடை திறந்த சிலரை மக்கள் மிரட்டி மூட வைத்தார்கள், மேயரைக் கீழே தள்ளினார்கள், வீட்டு வாசல்களில் ஹாலி கிளைகளைத் தொங்கவிட்டார்கள், தெருவில் கால்பந்துகளை வீசி ஆடினார்கள். அடுத்த ஆண்டு இந்த வழக்கில் குற்றம் சாட்ட நடுவர் குழு மறுத்தது. அங்கிருந்து கிளம்பிய மனு கென்ட் மாவட்டக் கிளர்ச்சியாக வளர்ந்து இரண்டாம் உள்நாட்டுப் போரின் ஒரு பகுதியாயிற்று. பத்தாண்டு கழித்து, 1657 கிறிஸ்துமஸ் நாளில், லண்டன் ஸ்ட்ராண்ட் தெருவின் எக்ஸிடர் மாளிகைச் சிற்றாலயத்தில் ஜான் ஈவ்லின் நற்கருணை பெற்றபோது படைவீரர்கள் துப்பாக்கியை நீட்டி நின்றதாக அவருடைய நாட்குறிப்பு சொல்கிறது. ஞாயிறுக்காகத் தொடங்கிய நேர்மையான ஒரு வாதம், பிறருடைய நற்கருணையின்மேல் துப்பாக்கி நீட்டுவதில் வந்து நின்றதை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

இடையில் அரசரின்றி நடந்த குடியரசு முடிந்து, 1660இல் இரண்டாம் சார்லஸ் அரசராகத் திரும்பியதும் கம்பங்கள் மீண்டும் எழுந்தன. 1661இல் ஸ்ட்ராண்ட் தெருவில் 134 அடி உயரக் கம்பம் நடப்பட்டது. கிறிஸ்துமஸும் நாடக அரங்குகளும் திரும்பின. ஆனால் பழையது முழுவதும் திரும்பவில்லை. ஊர்ச் செலவை வரியால் நடத்தப் பழகிவிட்ட ஊர்களில் பெரும்பாலானவை தேவாலய விருந்துக்குத் திரும்ப வேண்டிய தேவையே இல்லாமல் இருந்தன. புதிய அரசர் தாத்தாவும் தந்தையும் வெளியிட்ட விளையாட்டு அறிவிப்பை மீண்டும் வெளியிடவில்லை. 1677இல் அவருடைய நாடாளுமன்றமே ஞாயிறு வணிகத்தையும் தொழிலையும் தடை செய்து ஓய்வுநாள் சட்டம் இயற்றியது. 1780இல் வந்த இன்னொரு சட்டம் ஞாயிறில் கட்டணம் வாங்கி நடத்தும் கேளிக்கைகளைத் தடுத்தது. பியூரிட்டன்களின் குடியரசு பதினோரு ஆண்டுகளில் மறைந்துவிட்டது. அவர்கள் கேட்ட ஞாயிற்றுக்கிழமையில் பெரும்பகுதி அதன்பின் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் நின்றது. இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்துப் போட்டிகள் ஞாயிறில் நடக்கத் தொடங்கியது 1974 ஜனவரியில்தான். அப்போதும் 1780ஆம் ஆண்டுச் சட்டம் நுழைவுக் கட்டணத்தைத் தடுத்ததால், கிளப்புகள் வாயிலில் சீட்டு விற்காமல் நிகழ்ச்சி நிரல் புத்தகத்தை விற்றே ஆட்களை உள்ளே விட்டன.